குருதித் தோம்பு

அச்சுவேலிச் சந்தையடியில் முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் வந்து நின்றால், அங்குள்ள முதியவர்கள் அவனிடம் முதலிற் கேட்பது அவன் பெயரை அன்று. "தம்பி ஆற்றை பிள்ளை?" என்பதே முதல் வினா. தகப்பன் பெயர், பேரன் பெயர், தாய் பிறந்த ஊர், குடியிருக்கும் வளவின் பெயர் என்று நான்கைந்து விடைகள் வெளிவந்த பின், "அப்ப நீர் எங்கடை இன்னாரின்ரை பேரன்" என்று யாராவது ஒருவர் முடிவு கூறுவார். மூக்கும் நெற்றியும் நடையும் அம்முடிவுக்குத் துணைச் சாட்சிகள். செம்மண் தோட்டங்களும் கிடுகு வேலிகளும் நிறைந்த வலிகாமம் கிழக்கின் ஊர்களில், ஒருவன் யார் என்பது நெடுங்காலம் இவ்வாறே அறியப்பட்டு வந்தது.

எழுத்திலும் அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் தொடங்கிவைத்த வழக்கத்தைப் பின்பற்றித் தோம்புகளை எழுதுவித்தனர். காணித் தோம்பிலே நிலமும் அதன் உடையவரும், தலைத் தோம்பிலே குடும்பமும் அதன் உறுப்பினரும் பதியப்பட்டனர். பால்தேயுப் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலிற் குறிக்கப்படும் வலிகாமத்துக் கோயிற்பற்றுக்களுள் அச்சுவேலியும் ஒன்று. வரி வாங்குவதற்கும் ஊழியம் கொள்வதற்கும் எழுதப்பட்ட தோம்பு, நாளடைவில் உரிமைக்குச் சாட்சியாக மாறியது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பகுத்தபோது, யார் யாருக்குப் பிள்ளை என்ற ஊர்வினா நீதிமன்றத்தின் வினாவாயிற்று.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அவ்வினாவுக்கு ஒரு குறுக்குவழி கண்டது. செல்லுபடியான திருமணம் நிலவுங் காலத்திற் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே. கணவனும் மனைவியும் அக்காலத்தில் ஒருவரையொருவர் அணுகும் வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினாலன்றி, அதற்கு மாறாக வாதாட இடமில்லை என்றது அதன் 112ஆம் பிரிவு. இயற்கையின் உண்மையைக் கண்டறிய வழியில்லாத காலத்தில், குடும்பத்தின் அமைதியைக் காப்பதே சட்டத்திற்கு இயன்ற செயல். அப்பிரிவைக் குறை கூறுவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஊராரின் நினைவும் தோம்பின் ஏடும் சட்டத்தின் ஊகமும் பயன்படாத இடங்கள் இரண்டு. ஒன்று, இன்னும் பேசத் தெரியாத குழந்தை. மற்றொன்று, இனிப் பேச முடியாத எலும்பு. இவ்விரண்டையும் இலங்கைத் தமிழர் தம் அண்மைக்கால வரலாற்றிற் கண்டனர். இரண்டிலும் விடை தேடி நாடப்பட்டது டி.என்.ஏ. என்னும் மூன்றெழுத்துப் பொருளே.

அதற்கு முன் இருந்த கருவிகள் இரண்டைக் கூறாமல் மேற்செல்லுதல் முறையன்று. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதலாவது கைரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. அங்கு ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுப்பதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்திய அதிகாரிகள் பெரும்பங்கு கொண்டனராயினும், அம்முறை அவர்களின் மேலதிகாரி ஹென்றியின் பெயராலேயே வழங்குகின்றது. கைரேகை ஒருவனை மற்றொருவனிடமிருந்து பிரித்துக் காட்டும். அவன் யாருடைய மகன் என்று காட்டாது. தசை அழிந்தபின் அதுவும் அழியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லான்ட்ஸ்ரைனர் கண்டறிந்த குருதி வகைகளோ, ஒருவன் இப்பிள்ளைக்குத் தந்தையாக இருக்க முடியாது என்று சில வேளைகளிற் சொல்லும். இவனே தந்தை என்று ஒருபோதும் சொல்லாது. 'இல்லை' என்று மட்டும் சொல்லத் தெரிந்த சாட்சி அது.

டி.என்.ஏ. முதன்முதலிற் கண்டெடுக்கப்பட்ட இடம் நீதிமன்றமும் அன்று, பெருமைமிக்க ஆராய்ச்சி மேடையும் அன்று. 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், வைத்தியசாலையிற் கழித்துப்போட்ட புண்கட்டுத் துணிகளின் சீழிலிருந்து மீஷர் என்ற இளம் வைத்தியர் அதனைப் பிரித்தெடுத்தார். அது எதற்கு உதவும் என்று தெரிய முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1953இல் வாட்சன், கிரிக் இருவரும், ரொசலின்ட் பிராங்ளின் எடுத்த ஊடுகதிர்ப் படத்தின் துணையோடு, அது முறுக்கிய ஏணி போன்ற இரட்டைச் சுருள் என்று காட்டினர். நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு அது. மனிதக் கலம் ஒன்றின் கருவிலே தாயிடமிருந்து வந்த ஏடு ஒன்றும் தந்தையிடமிருந்து வந்த ஏடு ஒன்றும் உள. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். உலகின் எந்த இரு மனிதரின் ஏடுகளை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரத்தில் ஓரெழுத்தளவிலேயே வேறுபாடு காணப்படும்.

அச்சிறு வேறுபாட்டில் எதனைப் பார்த்து ஆளை அறிவது என்பதே கேள்வி. ஏடு எழுதும் ஒருவன் கைதவறி ஒரே சொல்லை அடுக்கடுக்காக எழுதிவிட்டதாகக் கொள்வோம். ஓர் ஏட்டில் 'வேலி வேலி வேலி' என்று ஏழு முறை. மற்றோர் ஏட்டில் அதே இடத்தில் ஒன்பது முறை. மனிதரின் டி.என்.ஏ.யில் இத்தகைய அடுக்குகள் பல இடங்களில் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவனிடம் ஓரிடத்தில் ஏழும் ஒன்பதும் காணப்பட்டால், அவற்றுள் ஒன்று தாயிடமும் மற்றது தந்தையிடமும் இருந்தே தீரவேண்டும். ஓரிடத்தில் ஒப்புமை கிடைத்தால் அது தற்செயலாகலாம். பதின்மூன்று, இருபது இடங்களில் ஒத்துவருமாயின், தற்செயல் என்னும் வாய்ப்பு பல கோடிகளில் ஒன்றாகிவிடும். ஒரு கருவிற் பிறந்த இரட்டையர் மட்டும் இதற்கு விலக்கு.

இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. எண்ணிக்கைகளின் பட்டியல் தனித்து நின்றால் வெறும் எண்களே. அதில் ஒருவனின் பெயரோ ஊரோ எழுதப்பட்டிருப்பதில்லை. வேறொரு பட்டியலை அருகில் வைத்த பின்னரே அது வாய் திறக்கும். குற்றம் நடந்த இடத்துக் கறைக்குச் சந்தேக நபரின் மாதிரி வேண்டும். குழந்தைக்குப் பெற்றோரின் மாதிரி வேண்டும். எலும்புக்கு உறவினரின் மாதிரி வேண்டும். இத்துறையின் வரலாறு முழுவதையும் ஒப்பிடுவதற்கு எதிர்ப்பட்டியல் தேடிய வரலாறு என்றே கொள்ளலாம்.

1984ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் திங்கட்கிழமை காலை, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் என்னும் ஆய்வாளர் ஊடுகதிர்த் தகடு ஒன்றைக் கழுவி எடுத்தார். அதிலே தம் ஆய்வுகூட உதவியாளர் ஒருவருடையவும் அவருடைய பெற்றோருடையவும் டி.என்.ஏ.கள் வரிவரியாகப் பதிந்திருந்தன. பிள்ளையின் ஒவ்வொரு வரியும் தாயின் வரியோடோ தந்தையின் வரியோடோ பொருந்தியது. இம்முறை முதன்முதலிற் பயன்பட்டது கொலை வழக்கொன்றில் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. 1985இல் கானா நாட்டிலிருந்து இங்கிலாந்திலிருந்த தன் தாயிடம் திரும்பிய சிறுவன் ஒருவனை, 'இவன் அந்தப் பிள்ளை அல்லன்' என்று குடிவரவு அதிகாரிகள் ஐயுற்றனர். தந்தையின் மாதிரி கிடைக்கவில்லை. தாயோடு சிறுவனின் சகோதரர் மூவருடைய குருதியும் ஆராயப்பட்டது. காணாத தந்தையின் வரிகள் அம்மூவரிடமும் பகிர்ந்து கிடந்தன. சிறுவன் தாயிடமே சேர்க்கப்பட்டான்.

இச்செய்தி யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு அந்நியமன்று. 1983க்குப் பின் பிள்ளைகளை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் அனுப்பிய குடும்பங்கள், பின்னர் ஒன்றுசேர விண்ணப்பித்தபோது, போரில் அழிந்த பிறப்புச் சாட்சிப் பத்திரங்களுக்கு ஈடாக இச்சோதனைக்கு உட்பட நேர்ந்ததுண்டு. அச்சுவேலியில் யாரும் ஐயுறாத உறவை அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றுக்கு எச்சிலால் நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஜெப்ரீசின் முறை கொலை வழக்கிற்கு வந்தது 1986இல். லெஸ்டருக்கு அண்மையிலுள்ள ஊர்களில் 1983இலும் 1986இலும் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டும் விட்டான். ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கையில் பிற சாட்சியத்தைத் தேடும் பொலிசார் அரியர். இங்கோ, முதற்கொலையையும் அவன் மேற் சுமத்தும் நோக்குடன் அவர்கள் ஜெப்ரீசிடம் சென்றனர். இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்றும், அவ்வொருவன் இந்த இளைஞன் அல்லன் என்றும் டி.என்.ஏ. கூறிற்று. ஆகவே அது குற்றவாளியைப் பிடிப்பதற்கு முன்னரே நிரபராதி ஒருவனை விடுவித்தது. சுமார் 5,000 ஆண்களிடம் மாதிரிகள் பெறப்பட்டன. உண்மைக் குற்றவாளி தன் பெயரில் வேறொருவனைக் குருதி கொடுக்கச் செய்து தப்பினான். பின்னர் அந்த ஏமாற்று மதுக்கடைப் பேச்சொன்றில் வெளிப்பட்டு, 1987இல் அவன் பிடிபட்டான். 1988 ஜனவரியில் ஆயுட்சிறைத் தண்டனை பெற்றான். அறிவியலை ஏமாற்றியதும் மனிதன். அந்த ஏமாற்றை அம்பலப்படுத்தியதும் மனிதரின் வாயே.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் லால்ஜி சிங். ஐதராபாத்திலுள்ள கல, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தில் அவர் 1988 அளவில் உருவாக்கிய முறைக்கு, கட்டுவிரியன் இனப் பாம்பொன்றில் முன்னர் கண்ட டி.என்.ஏ. துணுக்கே கருவியாயிற்று. பாம்பில் ஆண், பெண் வேறுபாட்டை ஆராயப் புறப்பட்ட ஆய்வு மனிதரின் வழக்குகளில் வந்து முடிந்தது. கேரளத்துத் தலைச்சேரி நீதிமன்றில், தன் பிள்ளைக்குப் பராமரிப்புக் கோரிய பெண் ஒருத்தியின் வழக்கில் இச்சோதனை சாட்சியாக ஏற்கப்பட்டது. இந்தியாவின் தொடக்ககால டி.என்.ஏ. வழக்குகளில் இது பெயர்பெற்றது.

இலங்கைத் தமிழரிடையே இப்பெயரைப் பாமரரும் அறியச் செய்தது கல்முனைக் குழந்தை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்த அன்று, குப்பை கூளங்களிடையே உயிரோடு மீட்கப்பட்ட ஆண் குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று சேர்க்கப்பட்டோரில் 81ஆவது என்பதால், '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே உலகப் பத்திரிகைகள் அதனை அழைத்தன. ஒன்பது தம்பதியர் அதனைத் தம்முடையது என்று கூறியதாகச் செய்தி பரவிற்று; நீதிமன்றில் முறைப்படி உரிமை கோரியவர்களோ ஒரே தம்பதியர்தாம். தம் பிள்ளை என்று அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அவர்களிடம் இருந்த பத்திரங்களும் படங்களும் கடலோடு போய்விட்டன. நீதிமன்றக் கட்டளைப்படி கொழும்பிற் சோதனை நடந்தது. 2005 பெப்ரவரி 14இல் முடிவு வெளியாயிற்று. இரு நாள்களின் பின் குழந்தை தாயின் கையிற் கொடுக்கப்பட்டது. பெற்றோரின் மாதிரி கிடைத்ததால் சில நாள்களிலே தீர்ந்த வழக்கு அது. அதே அலையில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு அத்தகைய வழி இருக்கவில்லை.

நீதிமன்றத்திற்கு வந்த இம்முறை வைத்தியசாலைக்கும் வந்தது. இரண்டிடத்தும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: இது எதனோடு ஒக்கும்?

யாழ்ப்பாணத்தில் மேலை வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் 1847இல் இங்கு வந்தவர். மானிப்பாயில் இருந்து அவர் தமிழாக்கிய வைத்திய நூல்களில் எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் உண்டு; கிருமிக்கு இல்லை. அக்காலத்து வாந்திபேதி ஊரூராகக் கொன்றபோதும், காரணமான உயிரியை இங்கிருந்த வைத்தியர் எவரும் கண்டு காட்ட இயலவில்லை. பிறகு நுணுக்குக்காட்டியும் வளர்ப்பு ஊடகமும் வந்தன. ஆனால் கசநோய்க் கிருமி வளர்ப்பில் வெளிப்பட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் இருமல் வீட்டில் உள்ள மற்றவர்க்கும் தொற்றிவிடும். 1983இல் கரி முல்லிஸ் கண்ட பெருக்கல் முறை இந்தத் தாமதத்தை முறித்தது. டி.என்.ஏ.யின் ஒரு துணுக்கை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, முப்பது சுற்றுகளிற் பல கோடியாகப் பெருக்கலாம். பி.சி.ஆர். என்பது அதுவே. 2010இன் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கருவி ஒன்று, சளியிலே கசநோய்க் கிருமி உண்டா என்பதையும், அது றிபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்பதையும் இரண்டு மணி நேரத்திற் சொல்லும்.

பி.சி.ஆர். என்னும் சொல் யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சொல்லானது 2020இல். கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில் கொழும்பின் விடைக்குக் காத்திருந்த நிலை மாறி, அவ்வாண்டு ஏப்ரலில் யாழ்ப்பாணத்திலேயே சோதனை நடக்கலாயிற்று. கொரோனா வைரசு ஆர்.என்.ஏ. கொண்டது, ஆகையால் முதலில் அதனை டி.என்.ஏ.யாக மாற்றியே பெருக்கினர்.

அதனினும் நெருங்கிய உதாரணம் 2024 டிசெம்பரில் நேர்ந்தது. தொண்டைமானாற்று நீரேரிக்கு அப்பாலுள்ள வடமராட்சிப் பகுதியில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தனர். மர்மக் காய்ச்சல் என்று ஊர் நடுங்கியது. குருதி மாதிரிகளின் ஆய்வு அது எலிக்காய்ச்சல் என்று காட்டியது. மழைவெள்ளம் நின்ற வயலில் வெறுங்காலோடு இறங்கும் கமக்காரனைத் தாக்கும் பழைய நோயே அது. தொடக்கத்தில் அறிந்தால் எளிய மருந்துகளால் குணப்படும். தொடக்கத்தில் அறிவதே அரிது. உடல் தன் பிறபொருளெதிரிகளை ஆக்கிக் குருதியில் நிறைக்கப் பல நாள்கள் செல்லும். அவற்றைத் தேடும் சோதனை அதுவரை 'இல்லை' என்றே சொல்லும். அந்த முதல் வாரத்திற் குருதியில் உலவும் கிருமியின் டி.என்.ஏ.யைத் தேடுவதே பயன்தரும் வழி.

தொற்றாத நோய்களில் இம்முறை இன்னும் ஆழமாகச் செல்கின்றது. தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிச்சோகையில், பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகு ஒன்றில் இருவரும் ஒவ்வொரு பிழையைக் காவி வந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிழைகளும் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்பிள்ளை மாதந்தோறும் பிறர் குருதி ஏற்றியே வாழவேண்டும். மச்சான், மச்சாள் திருமணத்தை உரிமையாகக் கருதும் சமூகத்தில் இதற்குத் தனிக் கனம் உண்டு. ஒரே பேரன் பேத்தியின் பிழை இரு வழியாகவும் இறங்கி வந்து ஒரு பிள்ளையிற் சந்திக்கக்கூடும். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செவ்வாய் தோஷத்தையும் ஆராயும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இப்பொருத்தத்தையும் பார்ப்பது அவர்களுக்குக் கடினமான செயலாகாது. எளிய குருதிச் சோதனை காவிகளை இனங்காட்டும். பிழை எவ்வெழுத்தில் உள்ளது என்பதை டி.என்.ஏ. ஆய்வு உறுதிசெய்யும். கொழும்பு மருத்துவ பீடத்தில் 1983இல் நிறுவப்பட்ட மனிதப் பிறப்புரிமையியற் பிரிவு இத்தகைய ஆய்வுகளை இலங்கையில் வேரூன்றச் செய்தது.

இனி எலும்பின் வழக்கு.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, படை நடவடிக்கையின் முன்னே வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் தென்மராட்சிக்கும் அதற்கு அப்பாலும் இடம்பெயர்ந்தனர். அச்சுவேலியும் அயலூர்களும் வெறுமையாயின. 1996 ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் மீண்டும் திரும்பினர். சோதனைச் சாவடிகள் நிறைந்த அவ்வாண்டிலே யாழ்ப்பாணத்தில் சுமார் 600 பேர் காணாமற் போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 7இல் கைதடிச் சோதனைச் சாவடியில் பாடசாலை மாணவி ஒருத்தி தடுத்து வைக்கப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் அவளோடு கொல்லப்பட்டுச் செம்மணியிற் புதைக்கப்பட்டனர். அவ்வழக்கில் 1998 யூலையில் மரணதண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், செம்மணியில் மேலும் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றிற் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 உடல்கள் வெளிப்பட்டன. அவற்றுள் இரண்டை, 1996இற் காணாமற் போனவர்களுடையவை என்று உறவினர் அடையாளங் காட்டினர்.

அதன்பின் செம்மணி கால் நூற்றாண்டு மௌனமாயிருந்தது. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் எரிகொட்டகை அமைக்க மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் தோன்றின. நீதிமன்றக் கட்டளையின்படி அகழ்வு தொடங்கியது. அவ்வாண்டு செப்டெம்பர் வரையில் 240 அளவிலான எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. அவற்றுட் சிறுபிள்ளைகளுடையவையும் உண்டு. ஒன்றனருகே நீலநிறப் பாடசாலைப் பை. பிறிதோரிடத்திற் பாற்போத்தல், பொம்மை, காலணி, வளையல். ஆகஸ்ட் 5ஆம் நாள் அப்பொருள்கள் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. முப்பதாண்டு மண்ணிற் கிடந்த துணியின் நிறத்தை நினைவிற் பொருத்திப் பார்க்கும் வேலை அது. கடையில் வாங்கிய ஒரே வகைச் செருப்பை அக்காலத்தில் நூறு பேர் அணிந்திருப்பர்.

எலும்பில் எஞ்சியிருக்கும் டி.என்.ஏ. இவ்விடத்திற் சிறந்த சாட்சி. ஆனால் தளர்ந்த சாட்சி. வெப்பமும் ஈரமும் அதனைத் துண்டு துண்டாக்கும். செம்மணிப் பகுதியோ உவர்நீர் ஏறும் தாழ்நிலம். பற்களிலும், காதின் உட்பகுதியைப் பொதிந்து நிற்கும் கடினமான எலும்பிலும் அது நெடுங்காலம் தங்கும் என்று கண்டுள்ளனர். கருவின் டி.என்.ஏ. அழிந்துபோன எலும்பிலும் இழைமணிகளின் டி.என்.ஏ. கிடைப்பதுண்டு. ஒரு கலத்தில் கருவின் ஏடு ஈரிரண்டாகவே இருக்க, இழைமணி ஏடோ நூற்றுக்கணக்கிற் பிரதிகள் கொண்டது. அது தாயிடமிருந்து மட்டும் வருவது. எனவே காணாமற் போன மகனின் இழைமணி ஏடும், அவன் தாய், தாயின் சகோதரி, தன் சகோதரி, அச்சகோதரியின் பிள்ளைகள் ஆகியோரின் ஏடும் ஒன்றே. தாய் இறந்துவிட்டாலும், ரொறன்ரோவில் வாழும் மருமகள் ஒருத்தி அந்த எலும்புக்குச் சாட்சி சொல்லலாம்.

இதில் ஒரு தடையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அயலூர்களுக்குள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வந்த சமூகத்தில், ஒரே தாய்வழி பலருக்குப் பொதுவாயிருக்கும். புத்தூரிலும் நீர்வேலியிலும் அச்சுவேலியிலும் வாழும், ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் ஒரே இழைமணி ஏட்டைக் காவக்கூடும். ஆகவே அது மட்டும் போதாது. கருவின் ஏடும் வேண்டும். இப்பகுதி மக்களிடையே எவ்வெண்ணிக்கை எவ்வளவு பரவலானது என்ற கணக்கும் வேண்டும். பிற நாட்டு அட்டவணையை வைத்து யாழ்ப்பாணத்து எலும்புக்கு முடிவு கூறுவது பிழைக்கு இடந்தரும். ஆய்வு செய்யும் கையும் தூய்மையாயிருத்தல் வேண்டும். ஜெர்மனியிலும் அயல்நாடுகளிலும் ஏறத்தாழ நாற்பது குற்றவிடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. காணப்பட்டு, பொலிசார் அவளைப் பல ஆண்டுகள் தேடினர். 2009இல் உண்மை வெளிவந்தது: மாதிரி ஒற்றிய பஞ்சுக் குச்சிகளில் ஏற்கெனவே படிந்திருந்த, அவற்றைக் கையாண்ட தொழிலாளியின் டி.என்.ஏ. அது. மன்னாரில் 2018இல் வெளிப்பட்ட முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளின் மாதிரிகளை அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று சில நூற்றாண்டுகள் பழையவை என்று கதிர்க்கரிக் கணிப்பாற் கூறியதும், அதனைப் பலர் ஏற்க மறுத்ததும் இங்கு நினைக்கத்தக்கன. எலும்பின் காலம் வேறு, ஆள் வேறு. காலக்கணிப்பு ஒருபோதும் பெயர் சொல்லாது.

ஆர்ஜென்டீனாவில் 1976இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின், சிறையிற் கர்ப்பிணிகளாயிருந்த பெண்கள் பலர் பிள்ளை பெற்றபின் கொல்லப்பட்டனர். அவர்தம் பிள்ளைகள் பிறர் வீடுகளில் வேறு பெயரில் வளர்ந்தனர். அப்பிள்ளைகளின் பாட்டிமார் ஒன்றுகூடி அறிவியலாளரிடம் ஒரு வினா எழுப்பினர்: பெற்றோர் இருவரும் இல்லாதபோது, பாட்டியின் குருதியால் பேரப்பிள்ளையை அறிய முடியுமா? மேரி கிளேர் கிங் என்னும் அமெரிக்கப் பிறப்புரிமையியலாளர் முடியும் என்று காட்டினார். இம்முறையால் அறியப்பட்ட முதற் பேத்தி 1984இல் மீட்கப்பட்டாள். பாட்டிமார் அத்துடன் நின்றனரல்லர். தாம் முதியவர்கள், பிள்ளைகளைக் காணுமுன் இறந்துவிடக்கூடும் என்று அறிந்து, தம் குருதியைக் காப்பதற்கு அரசே ஒரு வைப்பகம் அமைக்கவேண்டுமென வற்புறுத்தினர். 1987இல் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அடையாளம் காணப்பட்ட பேரப்பிள்ளைகள் 130க்கும் மேற்பட்டோர். குருதி கொடுத்த பாட்டி மறைந்தபின் கண்டறியப்பட்டவர்களும் அவர்களுள் உளர். பொஸ்னியாவிலே 1995இல் ஸ்ரெப்ரெனிற்சாவிற் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் ஏறத்தாழ 7,000 பேர் பெயர் பெற்றதும் இவ்வழியிலேயே. அங்கு புதைகுழிகள் இயந்திரங்களாற் கிளறப்பட்டு, ஒரே மனிதனின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளிற் சிதறியிருந்தன. ஆயினும் பல்லாயிரம் உறவினரின் குருதி சேகரிக்கப்பட்டிருந்தமையால் பெரும்பாலான துண்டுகள் தம் உரியவரைச் சென்றடைந்தன.

இலங்கையில் காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2016இல் நிறைவேறிற்று. 2018இல் அதற்கு ஆணையாளர் நியமிக்கப்பட்டனர். முறைப்பாடுகள் பெயர், நாள், இடம் என்று கோவைகளில் எழுதப்பட்டன. 1996இல் நாற்பது வயதாயிருந்த தாய்க்கு 2026இல் எழுபது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளிற் பிள்ளைகளின் படத்தோடு அமர்ந்திருந்த பெற்றோர் பலர் விடையறியாமலே காலமாகிவிட்டனர். ஒரு தாயின் உடல் தகனமாகும்போது, மகனின் கருவேட்டிற் பாதிக்கு மிக நெருங்கிய எதிர்ப்பட்டியலும் அவரோடு சாம்பலாகின்றது. தந்தையின் மறைவோடு மற்றப் பாதிக்குரியது போகும். எஞ்சும் சகோதரரைக் கொண்டு இழந்ததை ஓரளவு கட்டியெழுப்பலாம். ஒரே பிள்ளையை இழந்த வீட்டில் அதற்கும் வழியில்லை.

அதற்கு வேண்டிய மாதிரியைப் பெறுவதற்கு வைத்தியசாலையும் வேண்டுவதில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்தால் அமையும். அன்றேல் விரல் நுனியின் ஒரு துளிக் குருதியை இதற்கெனச் செய்த தடித்த தாளில் ஒற்றி உலர விடலாம். ஈரம் படாது வைத்தால் அத்தாள் குளிரூட்டி இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நிற்கும். தாளின் மேல் எழுதவேண்டியவை சில: கொடுத்தவர் பெயர், தேடப்படுபவரின் பெயர், இருவர்க்கும் உள்ள உறவு, பிறந்த ஊர், காணாமற் போன நாள். ஊர்கள்தோறும் உள்ள கிராம அலுவலர் பணிமனையில் ஒரு முற்பகலிற் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.